வளைவு பங்க்குக்கு ஒரு பர்மிட்

விசில் எதையெல்லாம் ஜெயித்தாள் என்று சொல்ல ஆரம்பித்தால், முதலில் வந்து நிற்பது இளைப்பு. சின்ன வயதில் அவள் தூங்கும்போது, பக்கத்து அறையில் யாரோ உதட்டைக் குவித்துச் சீட்டியடிப்பது போலக் கேட்கும். பெயர் அப்படித்தான் வந்தது. அடுத்தது வேதியியல் பாடம். இரண்டு தடவை அவளைக் கீழே தள்ளியது. மூன்றாம் தடவை அவள் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம், வேலைக்கு முன்னால் உடம்பைப் பரிசோதித்த டாக்டர். “இந்த நெஞ்ச வெச்சுக்கிட்டு வெளிவேலையா? நிழல்ல உட்கார்ந்து பார்க்கிற வேலையாப் பாரும்மா” என்று எழுதிக் கொடுத்தவரிடம் விடாமல் போய், ஊதச் சொன்ன குழாயையெல்லாம் ஊதிக்காட்டி, அதே கையால் ‘தகுதி உண்டு’ என்று எழுத வைத்தாள். பிறகு டேங்கர் டிரைவர்கள். யாருக்கும் அடங்காத அந்தக் கூட்டம் இன்று அவள் தலை தெரிந்தால் எஞ்சினை அணைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, வளைவு பங்க்கின் பர்மிட். அதில் அவள் யாரை ஜெயித்தாள் என்று கேட்டால் பதில் சொல்வது கொஞ்சம் சிரமம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டால், கேட்பவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அவர்கள் குடியிருந்தது டயர் ஒட்டும் கடைக்கு மேலே இரண்டு அறை. தெருப்பக்க ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் வரும். கூடவே வெந்த ரப்பரின் புகையும் வரும். அதனால் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் படிப்பு. அப்பா தொலைதூர பஸ் ஓட்டினார். வண்டி எங்கே நிற்கிறதோ அதுதான் அவருக்கு அன்றைய வீடு. அம்மா தவறிய வருஷம் அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் சேர்ந்தாள். தங்கைக்கு மூச்சு முட்டும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகைத் தடவிக்கொண்டே, “ரயில் வந்திருச்சு, ஏறப்போறவங்க எல்லாம் ஏறுங்க” என்பாள். விசிலுக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் இன்னும் முட்டும். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து, சேர்ந்து பயப்படுவார்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பகலில் ஒரு பங்க்கில் பெட்ரோல் போடும் வேலையும் மாலையில் கல்லூரியுமாக ஓடியது. இளைப்புக்காரி பெட்ரோல் பங்க்குக்கு வேலைக்குப் போவதா என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள்.

“அங்க காத்தாவது அடிக்குதுக்கா. நம்ம ஜன்னலுக்கு அது எவ்வளவோ தேவலை.”

மறுநாள் அக்காவே சோற்றைக் கட்டிக் கொடுத்தாள்.

அந்தப் பங்க்கில் விசில் ஒன்றைக் கவனித்தாள். வண்டிக்குள் பெட்ரோல் இறங்கும்போது, டேங்க் வாய்க்கு மேலே காற்று நெளியும். உச்சி வெயிலில் தார் ரோடு நெளிவது போல. “சூடும்மா, அது சூடு” என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். மாலை வகுப்பில் கேட்டபோதுதான் தெரிந்தது, அது சூடு இல்லை, பெட்ரோலே ஆவியாகக் கிளம்பிப் போகிறது என்று. கண்ணெதிரே கிளம்பிப் போகிற ஒன்றை இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோமே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாம் தடவை வேதியியலில் அவள் தேறியதற்கு அந்த நெளிவுதான் காரணம்.

அதன்பிறகு தேர்வு எழுதி, மேலே சொன்ன டாக்டரைக் கடந்து, நகர அலுவலகத்தின் காற்றுப் பிரிவில் ஆய்வாளராகச் சேர்ந்தாள். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஒரு நீள அறை, நான்கு மேஜை, சுற்றும்போது தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒரு சுவர் விசிறி. எதற்கும் ‘சரி’ என்பது போல ஆடும் அந்த விசிறிக்கு நேர் எதிர், அதன் கீழே உட்கார்ந்திருந்த அதிகாரி. எதைக் கேட்டாலும் “பார்க்கலாம்” என்பார். அவர் பெயரே ‘பார்க்கலாம் சார்’ ஆகிவிட்டது. லீவு கேட்டாலும் பார்க்கலாம், மழை வருமா என்றாலும் பார்க்கலாம்.

அந்த அறையின் வேலை இதுதான். பங்க்கில் தரைக்கு அடியில் பெரிய பெரிய டேங்க்குகள் புதைத்திருப்பார்கள். காலி பாட்டிலைத் தண்ணீருக்குள் அமுக்கினால் உள்ளே இருந்த காற்று குபுகுபுவென்று வெளியே வருகிறதல்லவா, அதே கதைதான் அங்கேயும். டேங்கர் லாரியிலிருந்து பெட்ரோல் கீழே இறங்க இறங்க, புதைத்த டேங்க்கில் இருந்த காற்று வெளியேறும். வெறும் காற்று என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அது முழுக்கப் பெட்ரோல் ஆவி. மூச்சுக்கு ஆகாது, தீப்பொறிக்கும் ஆகாது. அதனால் இரண்டு குழாய் மாட்ட வேண்டும் என்று விதி. ஒன்றில் பெட்ரோல் கீழே இறங்கும். மற்றொன்றில் ஆவி திரும்ப லாரிக்கே ஏறிவிடும். இதையும் இன்னும் சிலவற்றையும் ஒழுங்காகச் செய்கிற பங்க்குக்குத்தான் பர்மிட். காலம் முடிந்தால் மறுபடி ஆய்வு, மறுபடி பர்மிட். இல்லாவிட்டால் பூட்டு.

வளைவு பங்க், பெரிய ரோடு ஆஸ்பத்திரிப் பக்கமாகத் திரும்பும் வளைவில் இருக்கிறது. பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். மேனேஜர் நல்ல உயரம், சுத்தக்காரர். கையில் எப்போதும் ஒரு துணி வைத்துக்கொண்டு, போகிற வழியில் இருக்கிற எதையாவது துடைத்துக்கொண்டே பேசுவார். பின்சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் காப்பகம். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் விட்டுவிட்டு மாலையில் அழைத்துப் போவார்கள். நடத்துவது ஒரு டீச்சர். குரல் மட்டும் தனியாக வந்தால் ஆறடி ஆள் என்று நினைக்கத் தோன்றும்; நேரில் பார்த்தால் விசிலின் தோள் வரைதான்.

அந்தப் பங்க்கை விசில் முதல்முதலில் ஆய்வு செய்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது, ஒன்றைத் தவிர. ஆவிக் குழாயைத் தரையில் உள்ள முனையோடு மாட்டும் இடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சியாக ஊதியது. லேசான கசிவு.

“இந்த மூட்டு தளர்வா இருக்கு. இறுக்கமாக்கிடுங்க” என்றாள். அறிக்கையிலும் அப்படியே எழுதினாள்.

“இன்னைக்கே செஞ்சிடறேன் மேடம்” என்றார் மேனேஜர், பக்கத்தில் இருந்த தீயணைப்பு வாளியைத் துடைத்துக்கொண்டே.

சொன்னபடி செய்தும் விட்டார். அடுத்த முறை போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தால் ஊசி முனை அளவுகூடக் கசிவு இல்லை. விசிலுக்குத் திருப்தி. இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கிற மேனேஜர் ஊருக்கு ஒருத்தர் இருந்தால் போதும் என்று அக்காவிடமும் சொன்னாள்.

புகார் வர ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான்.

டீச்சர் நேராக மாடிப்படிக்கு அடியில் உள்ள அறைக்கே வந்துவிட்டார். “டேங்கர் வர்ற அன்னைக்கெல்லாம் புள்ளைங்களுக்குத் தலைவலி. ரெண்டு புள்ளைங்க வாந்தி எடுத்தாச்சு. ஜன்னலை அடைச்சுட்டு உள்ள உட்கார வெச்சா வேர்த்துக் கொட்டுது. நான் என்ன பண்ணட்டும், புள்ளைங்கள மூச்சு விடாம இருங்கன்னு சொல்லவா?”

“முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சா டீச்சர்?”

“முன்னாடி எப்பவாவது லேசா வரும். இப்பதான் இப்படி ஆளையே அடிக்குது.”

விசில் மேனேஜருக்குச் சொல்லிவிட்டு, டேங்கர் வரும் நாள் பார்த்துப் போனாள். ஆவிக் குழாய் மாட்டியிருந்தது. மூட்டில் கசிவு இல்லை. காற்றில் வாடை இல்லை. லாரியின் பக்கத்தில் நின்ற டிரைவர் மட்டும் சுவரில் சாய்ந்துகொண்டு பெருமூச்சு விட்டான்.

“நீங்க வந்தா மட்டும் டேங்க்குக்கு மூச்சே வராது மேடம். இன்னைக்கு நான் வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்.”

ஆய்வுக்கு வருகிறவர்களைப் பார்த்து டிரைவர்கள் இப்படிக் குத்திப் பேசுவது வழக்கம்தான். “பொறுமையா இறங்கட்டும், அவசரம் என்ன?” என்றாள் விசில். அவன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் துணியைப் பார்த்தார்.

விசில் திரும்பிய மறுநாள் டீச்சரின் போன். “நீங்க வர்ற அன்னைக்கு அங்க ரோஜாத் தோட்டம். போன பிறகு வந்து பாருங்க. ஏன் மேடம், சொல்லிட்டுத்தான் போவீங்களா?”

அந்தக் கேள்வியில் வேறு ஒரு கேள்வியும் இருந்தது. விசிலுக்குக் காது மடல் சூடானது.

பங்க்கின் பர்மிட் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. பார்க்கலாம் சார் கோப்பை மூடி வைத்தார். “புகார் இருக்கு, காரணம் தெரியல. காரணம் தெரியாம நான் எப்படிப் புதுப்பிக்கிறது? முடியாதுன்னு எழுதிட வேண்டியதுதான். நீ என்ன சொல்ற?”

“கொஞ்சம் டைம் குடுங்க சார்.”

“பார்க்கலாம்” என்றார் அவர். ஆனால் இந்தத் தடவை நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

செய்தி எப்படியோ பங்க்குக்கு எட்டிவிட்டது. சாயங்காலமே மேனேஜர் அலுவலக வாசலில் நின்றார். “நீங்க சொன்னதையெல்லாம் செஞ்சேன் மேடம். ஒண்ணு விட்டேனா? அந்த டீச்சருக்கு எங்க மேல என்ன கோபமோ. பதினோரு பேர் மேடம். எங்க போவாங்க?” அவர் கையில் அன்று துணி இல்லை. அதுதான் விசிலை என்னவோ செய்தது.

யாரோ ஒருவர் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். விசிலுக்கு இருவரையும் பார்த்தால் பொய் சொல்கிறவர்களாகத் தெரியவில்லை. ஆகையால் அடுத்த டேங்கர் வரும் நாளில் பங்க்குக்குப் போகவில்லை, காப்பகத்துக்குப் போனாள். பின்சுவரை ஒட்டி, குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டாள். ஒரு பொடிசு வந்து அவளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நீ எந்த கிளாஸ்?” என்று கேட்டுவிட்டுப் போனது.

டேங்கர் வந்து நிற்கும் சத்தம் சுவருக்கு அப்பால் கேட்டது. குழாய் மாட்டும் ‘டக்’ கேட்டது. இரண்டாவது ‘டக்’கும் கேட்டது. அப்படியானால் ஆவிக் குழாயும் மாட்டியாகிவிட்டது. பெட்ரோல் இறங்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் இரும்பு மூடி ஒன்றைத் திறந்து சிமெண்ட்டில் வைக்கும் சத்தம். அதோடு வாடை சுவர் ஏறிக் குதித்தது. வாடை என்ன வாடை, துணியைப் பெட்ரோலில் நனைத்து முகத்தில் போர்த்தினாற்போல. டீச்சர் குழந்தைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி ஜன்னலைச் சாத்தினார். விசிலின் நெஞ்சு சீட்டியடித்தது. இன்ஹேலரை எடுத்து இரண்டு தடவை இழுத்துக்கொண்டு, எழுந்து, சுற்றிக்கொண்டு பங்க்குக்குள் நுழைந்தாள்.

டிரைவர் அவளைப் பார்த்ததும் காலால் எதையோ நகர்த்தினான். நகரவில்லை, இரும்பு மூடி அது. டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று கோல் விட்டுப் பார்ப்பார்களே, அந்தத் துளையின் மூடி. துளை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதன் மேலே காற்று நெளிந்தது.

“மொதல்ல இறக்குறத நிறுத்துங்க” என்றாள். நிறுத்தினான். மூடியைத் தானே எடுத்து மூடினான். மேனேஜர் ஓடி வந்தார்.

“எதுக்கு இதத் திறந்தீங்க?”

டிரைவர் தலையைச் சொறிந்தான். “டேங்க்குக்கு மூச்சு விட வைக்கிறது மேடம். இந்த ஆவிக் குழாயெல்லாம் வர்றதுக்கு முன்னாடி எல்லா எடத்துலயும் இப்படித்தான். இப்ப எங்கயும் அவசியம் இல்ல. இங்க மட்டும் ஒரு சொட்டு இறங்க மாட்டேங்குது. ரோட்டுல லாரி நின்னா பின்னாடி பஸ்காரன் என் பாட்டன் பூட்டனையெல்லாம் கூப்பிடுறான். அதான்…”

“எப்பலேர்ந்து இறங்க மாட்டேங்குது?”

அவன் யோசித்தான். மேனேஜர் யோசித்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பதில் தெரிந்தது போலிருந்தது. கடைசியில் மேனேஜர்தான் மெல்லச் சொன்னார். “மூட்ட இறுக்கினதுக்கு அப்புறம்.”

எல்லாக் குழாயையும் கழற்றி, வாடை அடங்கும் வரை காத்திருந்து, தரையில் இருந்த முனையைத் திறந்து பார்த்தார்கள். அந்த முனைக்குள் ஒரு வால்வு உண்டு. குழாய் மாட்டாதபோது மூடியிருக்கும். குழாயை மாட்டினால், குழாயின் நடுவில் உள்ள கம்பி அதை அமுக்கித் திறக்கும். ஆவி மேலே ஏறும். இங்கே வாயைச் சுற்றி ஒன்றல்ல, இரண்டு ரப்பர் வாஷர் இருந்தன. இரண்டாவதை மேனேஜர் போட்டிருக்கிறார். குழாய் இறுகப் பிடித்தது, கசிவு நின்றது. ஆனால் அந்த ஒரு வாஷரின் தடிமனுக்குக் குழாய் மேலே நின்றுவிட்டது. கம்பி வால்வைத் தொடவே இல்லை. குழாய் மாட்டியிருந்ததே தவிர அதன் வழியே ஒரு பொட்டு ஆவி போகவில்லை. போக வழியில்லாத ஆவி பெட்ரோலை இறங்கவிடாமல் முட்டுக்கொடுத்தது. டிரைவர் மூடியைத் திறந்தான். ஆவி காப்பகத்துக்குப் போனது.

ஆய்வாளர் வருகிற நாளில் மூடியைத் திறக்க மாட்டார்கள். அன்று பெட்ரோல் ஆமை வேகத்தில் இறங்கும். ஆய்வாளர், ‘பொறுமையா இறங்கட்டும்’ என்று சொல்லிவிட்டுப் போவார்.

“நீங்கதானே மேடம் இறுக்கச் சொன்னீங்க” என்றார் மேனேஜர். குறையாகக்கூடச் சொல்லவில்லை. சின்னப் பையன் வீட்டுப் பாடத்தைக் காட்டுவது போலச் சொன்னார்.

சரியான தடிமனில் கம்பெனி வாஷர் வந்து சேரச் சில நாள் ஆனது. அது வரைக்கும் பங்க்கில் பெட்ரோல் இறக்கவில்லை. இருந்ததை வைத்து ஓட்டினார்கள், தீர்ந்ததும் வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள். வாஷரை மாற்றி முதல் டேங்கர் வந்த அன்று, விசில் டீச்சரைப் பங்க்குக்குள்ளேயே அழைத்து வந்து நிற்க வைத்தாள். டீச்சரும் மேனேஜரும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு இத்தனை வருஷத்தில் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“நீங்கதான் அந்த டீச்சரா?” என்றார் மேனேஜர், அவரைக் குனிந்து பார்த்து. “குரலக் கேட்டு நான் வேற மாதிரி நெனச்சேன்.”

“நீங்கதான் அந்த மேனேஜரா? நானும் வேற மாதிரிதான் நெனச்சேன். கொம்பைக் காணோமே.”

டேங்கர் டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டான்.

பெட்ரோல் இறங்கியது. பழைய வேகத்தில், தடதடவென்று குழாய் அதிர இறங்கியது. மூடி மூடியபடி கிடந்தது. டீச்சர் அந்த மூடிக்கு மேலேயே போய் நின்று, மூக்கை நீட்டி நீட்டிப் பார்த்தார். விசில் தன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். உள்ளே சத்தம் இல்லை. டிரைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “இப்படி இறங்கினா நான் எதுக்கு மேடம் மூடியத் தொடப்போறேன்?” என்றான். டீச்சர் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பால் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அறிக்கை எழுத வேண்டியிருந்தது.

விதியில் ஒரு வரி உண்டு. ஆவிக் குழாயின் பாகத்தில் பங்க்குக்காரர் தாமாகக் கைவைத்து மாற்றியிருந்தால், பர்மிட்டைப் புதுப்பிக்கக் கூடாது. மேனேஜர் கைவைத்திருந்தார், அதில் சந்தேகமே இல்லை. ‘தாமாக’ என்பதில்தான் எல்லாம் இருந்தது. ‘ஆய்வாளர் சொன்னதன்பேரில், ஆய்வாளர் திரும்ப வந்து பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்ட மாற்றம்’ என்று அறிக்கையில் இருந்தால் பங்க் பிழைக்கும். அப்படி எழுதினால், முனைக்குள் வால்வு திறக்கிறதா என்று பார்க்காமல் வெளியே புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்ட ஆய்வாளர் யார் என்ற கேள்வி வரும். அந்த ஆய்வாளரின் வேலை இன்னும் உறுதியாகவில்லை. கோப்பில் ஒரு கரும்புள்ளி விழுந்தால் அந்த டாக்டர் சொன்ன நிழல் வேலைக்குக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள்.

சாயங்காலம் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். விசில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஜன்னல் வரை போவதும் திரும்புவதுமாக இருந்தாள்.

“என்னடி, புலி மாதிரி சுத்துற?”

விசில் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

“அந்த மேனேஜர் என்ன சொன்னாரு?” என்று கேட்டாள் அக்கா.

“ஒண்ணும் சொல்லல. நான் சொன்னதத்தான் செஞ்சேன்னாரு.”

“அவரு சொன்னது உண்மையா?”

“உண்மைதான்.”

“அப்ப அவருக்குத் தெரிஞ்சது உனக்கும் தெரியும், டிரைவருக்கும் தெரியும், அந்த டீச்சருக்கும் தெரியும். காகிதத்துக்கு மட்டும் தெரியக் கூடாதா?” அக்கா கையிலிருந்த சட்டையை உதறினாள். “எழுதுறதா இருந்தா முழுசா எழுது. ஒரு கைய உள்ள விட்டு ஒரு கைய வெளிய விட்டு மடிச்சுக் குடுத்தா, எங்க சூப்பர்வைசரே மூஞ்சியில வீசுவாரு.”

“வேலை போச்சுன்னா?”

“போனா போகட்டும்னு என்னால சொல்ல முடியாதுடி. எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயந்துகிட்டே எழுது.”

விசில் உட்கார்ந்தாள். முழுசாக எழுதினாள். முடிவில் மூன்று நிபந்தனைகளையும் சேர்த்தாள். இறக்க ஆரம்பிக்கும் முன் கோல் துளையின் மூடியைப் பூட்டிச் சாவியை மேனேஜர் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் மெதுவாக இறங்கினால் மூடியைத் தொடாமல், இறக்குவதை நிறுத்திவிட்டுக் காற்றுப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். காப்பகம் திறப்பதற்கு முன்பே டேங்கர் வந்து போய்விட வேண்டும். நான்காவதாக, தனக்கே ஒன்று எழுதிக்கொண்டாள்: இனி எந்தப் பங்க்கில் எதை மாற்றச் சொன்னாலும், மாற்றிய பிறகு பெட்ரோல் இறங்கும் வேகத்தையும் ஆய்வாளர் நின்று பார்க்க வேண்டும். காற்றுப் பிரிவின் எல்லா அறிக்கைகளிலும் இந்த வரி இன்று அச்சாகவே வருகிறது.

பார்க்கலாம் சார் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். விசிறி அவருக்கு மேலே தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

“இத இப்படியே வைக்கணுமா?”

“ஆமா சார்.”

“உன் பேர எடுத்துட்டு, ‘ஆய்வின்போது’ன்னு பொதுவா ஒரு வார்த்தை போட்டுடலாம். யாருக்கும் தெரியாது.”

“அப்படிப் போட்டா பங்க்குக்காரர் தானா செஞ்ச மாதிரி ஆயிடும் சார். பர்மிட் குடுக்க முடியாது.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்த நாற்காலியில நான் உட்கார்ந்த நாள்லேர்ந்து எல்லாரும் எனக்கு மத்தவங்க தப்பத்தான் எழுதிக் கொண்டாந்து குடுக்கிறாங்க. படிச்சுப் படிச்சு அலுத்துப் போச்சு.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “மேலிடத்துல உன்னப் பத்திக் கேள்வி கேட்பாங்க. கேட்டா நான் பதில் எழுதுறேன். கேட்காமலும் இருக்கலாம். அது அவங்க பாடு.”

பிறகு மேஜையின் கீழ் அறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். பர்மிட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை ஆய்வாளர் ஒருவருக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று விதியில் இடமிருக்கிறது. அதுவரை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. ஆய்வாளர்கள் எழுதுவார்கள், அவர் கையெழுத்துப் போடுவார். தாளில் விசிலின் முழுப் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதி, கீழே தன் முத்திரையைக் குத்தினார்.

“இந்த பர்மிட்ட நான் போட மாட்டேன். இந்தப் பங்க்கோட ஒவ்வொரு திருகும் உனக்குத்தான் தெரியும். நீயே போடு.”

விசில் பேனாவை எடுத்து, மறுபடி கீழே வைத்தாள்.

“என்ன?”

“பயமா இருக்கு சார்.”

“இருக்கட்டும். எழுத்து புரிஞ்சா போதும்.”

அவள் உட்கார்ந்து, பர்மிட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, மூன்று நிபந்தனைகளையும் வாய்விட்டு ஒரு முறை படித்தாள். பார்க்கலாம் சார் கேட்டுக்கொண்டிருந்தார். வளைவு பங்க்குக்குப் பூட்டு விழ வேண்டிய நாளுக்கு முன்பாகவே, ஆய்வாளர் என்று அச்சடித்த வரிக்கு மேலே அவள் தன் பெயரை முதன்முதலாகக் கையெழுத்திட்டாள். அன்று 2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை.